பிரேக் திரவம்

பிரேக் திரவம் என்பது தானுந்தின் ஓட்டுநர் காலால் கொடுக்கும் விசையைச் சக்கரங்களிலுள்ள பிரேக்குகளுக்குக் கொண்டு செல்லும் நீர்மம் ஆகும். தமிழகத்துப் பட்டறைகளில் இது பிரேக் ஆயில் என்றும், இலங்கைத் தமிழரிடையே பிறேக் ஒயில் என்றும் வழங்கப்படுகின்றது. பெயரில் ஆயில் இருப்பினும் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் உள்ளது எண்ணெய் அன்று. கிளைக்கால் ஈதர் எனப்படும் வேதிச் சேர்மங்களின் கலவையாகும். இது நீருடன் எளிதில் கலக்கும். உண்மையான கனிம எண்ணெயை, எடுத்துக்காட்டாக எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ, இதன் கொள்கலத்தில் ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர்ப் பாகங்கள் ஊதிப் பருத்துப் பிரேக் அமைப்பு முழுவதும் பாழாகும். ஆகவே இப்பெயர்க் குழப்பம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

காரின் மற்ற நீர்மங்கள் குறைந்தாலோ கெட்டாலோ ஏதேனும் ஓர் அறிகுறி முன்னதாகத் தோன்றும். பிரேக் திரவமோ நாட்பட்டுத் தரம் குன்றிய பின்னரும், நகருக்குள் நாள்தோறும் ஓடும் காரில் எவ்வித வேறுபாட்டையும் காட்டுவதில்லை. ஒரு மலைப்பாதை இறக்கத்தில்தான் அது முதன்முறையாக வெளிப்படும். இதனாலேயே இத்திரவத்தை ஓடிய தொலைவைக் கொண்டன்றிக் கழிந்த காலத்தைக் கொண்டு மாற்ற வேண்டியுள்ளது.

செயற்படும் முறை

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஒரு பகுதியில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதியாகும். ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் தலைமை உருளையினுள் உள்ள பிஸ்டன் நகர்ந்து திரவத்தை அழுத்துகின்றது. அவ்வழுத்தம் உலோகக் குழாய்கள் வழியாகவும், சக்கரத்தின் அருகே வளையும் ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் சென்று, டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரிலும் டிரம் பிரேக்கின் சக்கர உருளையிலும் உள்ள பிஸ்டன்களைத் தள்ளுகின்றது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டராகவும் கேலிப்பர் பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டராகவும் இருப்பின், பரப்பளவு ஆறு மடங்குக்கு மேல் பெரிதாகையால் விசையும் அவ்வளவு பெருகும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஓர் இயல்பை நம்பியுள்ளது: நீர்மம் ஏறத்தாழ அமுங்காது. பிரேக் பேடுகளுக்கும் டிஸ்குக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமே. எனவே பிரேக் பிடிக்கும்போது குழாய்களில் இடம்பெயரும் திரவத்தின் அளவு சில மில்லிலிட்டர்களுக்கு மேல் இராது. குழாயினுள் அவ்வளவு வாயு சேர்ந்துவிட்டால், மிதி நகரும் தொலைவு முழுவதும் அவ்வாயுவை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்தை அடைய அழுத்தம் எஞ்சாது.

மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் 1917ஆம் ஆண்டு நீர்ம அழுத்தப் பிரேக் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு சக்கரங்களிலும் இவ்வகைப் பிரேக்குடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் 1921ஆம் ஆண்டின் டூசன்பர்க் குறிப்பிடத்தக்கது. முற்காலத்தில் ஆல்ககாலுடன் ஆமணக்கெண்ணெய் கலந்த திரவங்கள் பயன்பட்டன. ஆமணக்கெண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச் செய்வதில்லை என்பதே அதனைத் தெரிவு செய்ததன் காரணம். ஆனால் ஆல்ககாலின் கொதிநிலை தாழ்வு. கார்களின் வேகமும் எடையும் கூடியபோது அத்திரவங்கள் போதாமற்போயின. கிளைக்கால் வகைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

நீரை உறிஞ்சும் தன்மை

கிளைக்கால் ஈதர் காற்றிலுள்ள ஈரப்பதத்தை உறிஞ்சும். கொள்கலத்தின் மூடியிலுள்ள காற்றுத் துளை வழியாகவும், ரப்பர்க் குழாய்களின் சுவரை மெல்ல ஊடுருவியும் நீர் உள்ளே செல்கின்றது. வெளியே ஒரு துளியும் கசியாத, நல்ல நிலையிலுள்ள காரிலும் இது நிகழும். கார் ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் நிகழும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில், சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற இடங்களில், சற்று விரைவாகவே நிகழும்.

இதனை ஒரு குறைபாடு என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. நீர் எப்படியும் உள்ளே புகும். அது திரவத்துடன் கலவாமல் தனியே நின்றால், எடை மிகுதியால் அமைப்பின் தாழ்ந்த பகுதியாகிய கேலிப்பரில் போய்த் தேங்கும். கேலிப்பரோ அமைப்பிலேயே மிகவும் சூடாகும் இடம். அங்கே தேங்கிய நீர் 100 °செ வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். குளிர்நாடுகளில் உறைந்து பனிக்கட்டியாகும். எங்கும் துருவை உண்டாக்கும். கிளைக்கால் திரவம் அந்நீரைத் தன்னுள் கரைத்துப் பரவலாக்கிவிடுவதால் கொதிநிலை படிப்படியாகவே இறங்குகின்றது.

அரை லிட்டர் திரவத்தில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மிகுதியான நீர் கலந்தால் அது ஏறத்தாழ 3.7 விழுக்காடு ஆகும். தர அளவீடுகளில் ஈரக் கொதிநிலை என்று குறிக்கப்படுவது இந்த அளவு நீர் சேர்ந்த திரவத்தின் கொதிநிலையையே. புதிய திரவத்தின் கொதிநிலை உலர் கொதிநிலை எனப்படும். காரில் சில ஆண்டுகள் இருந்த திரவத்தைப் பொறுத்தவரை, கடையில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் உலர் எண்ணைவிட இந்த ஈர எண்ணே உண்மைக்கு அருகில் உள்ளது.

ஆவி அடைப்பு

பிரேக் பிடிப்பது என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதாகும். 1200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 167 கிலோஜூல். அதே கார் சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தை இழக்கின்றது. இதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 22,000 கிலோஜூல். அதாவது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 130 தடவைக்கு மேல் நிறுத்துவதற்கு ஒப்பானது. காற்றின் தடையும் சக்கர உராய்வும் எஞ்சினும் இதில் ஒரு பங்கை ஏற்கும். காரைத் தாழ்ந்த கியரில் வைத்து இறக்கினால் எஞ்சினின் பங்கு பெரிதாகும். நியூட்ரலில் உருட்டினால் அப்பங்கு சுழியாகும். மலைப்பாதைகளில் இரண்டாம் கியரில் இறங்குமாறு எச்சரிப்பதன் அடிப்படை இந்தக் கணக்கே.

பிரேக்குகளில் சேரும் வெப்பம் பேடுகளின் வழியே பிஸ்டனுக்கும், அதனை ஒட்டியுள்ள திரவத்துக்கும் பரவுகின்றது. மிதி அழுத்தப்பட்டிருக்கும்வரை திரவம் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதால் கொதிப்பதில்லை. காலை எடுத்தவுடன் அழுத்தம் இறங்கிவிடுகின்றது; அப்போதுதான் திரவத்திலுள்ள நீர் ஆவியாகின்றது. எனவே ஒரு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், அடுத்த வளைவில் தரைவரை இறங்கிவிடலாம். இந்நிலை ஆவி அடைப்பு எனப்படும். ஐந்து மில்லிலிட்டர் நீராவி உண்டாவதற்கு மூன்று மில்லிகிராம் நீர் போதும். இது ஒரு துளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தற்காலக் கார்களில் பிரேக் அமைப்பு இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு குழாய் வெடித்துக் கசிந்தாலும் மற்றது காரை நிறுத்தும். ஆனால் இரு சுற்றுகளிலும் இருப்பது ஒரே வயதுடைய, ஒரே அளவு நீர் சேர்ந்த திரவம். இரண்டும் ஒரே இறக்கத்தில் சூடாகின்றன. கசிவுக்கு எதிரான இந்தக் காப்பு ஆவி அடைப்புக்கு எதிராக அவ்வளவு உதவுவதில்லை.

ஆவி அடைப்பைப் பேடுகளின் பிடிப்பு குறைவதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. பேடுகள் மிகையாகச் சூடாகிப் பிடிப்பை இழக்கும்போது மிதி வழக்கம்போல் கடினமாகவே இருக்கும். கார் மட்டும் நிற்க மறுக்கும். திரவம் கொதித்தால் மிதியே மெத்தென்று ஆகிக் கீழே இறங்கும். இரண்டாவது நிலையில் மிதியை விரைவாகப் பலமுறை அழுத்திவிடுவதும், கியரைக் குறைப்பதும், திரவத்தைச் சாராது கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுப்பதும் ஓட்டுநருக்கு எஞ்சியுள்ள வழிகள்.

கடுமையாகப் பிரேக் பிடித்து இறங்கி உடனே காரை நிறுத்தி வைத்தாலும் இது நேரலாம். ஓடும்போது வீசும் காற்று நின்றுவிடுவதால் டிஸ்கின் வெப்பம் திரவத்துக்குள் மேலும் இறங்குகின்றது. தேநீர் அருந்திவிட்டு வந்து காரை எடுப்பவர் மிதி தளர்ந்திருப்பதைக் காண்பார். பின்னர்த் திரவம் ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிக் கரைந்துவிடும்; மிதி பழையபடி கடினமாகும். பட்டறைக்குக் கொண்டுசென்றால் கசிவு இராது, பேடுகள் நன்றாக இருக்கும், பிரேக் பிடிக்கும். பழுதின் தடயம் எதுவும் இராது. பிரேக் ஒருமுறை இவ்வாறு தளர்ந்து தானே சரியானதாக ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதே.

வகைகள்

பிரேக் திரவங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் எண்களால் வகைப்படுத்தப்படுகின்றன. டாட் 3 வகைக்குக் குறைந்தபட்ச உலர் கொதிநிலை 205 °செ, ஈரக் கொதிநிலை 140 °செ. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 °செ. டாட் 5, டாட் 5.1 ஆகிய இரண்டுக்கும் 260, 180 °செ. இவை கீழ் எல்லைகளே; சந்தையிலுள்ள பல திரவங்கள் இவற்றை மிஞ்சுகின்றன.

டாட் 3 பெரிதும் கிளைக்கால் ஈதர்களால் ஆனது. டாட் 4, டாட் 5.1 ஆகியவற்றில் போரேட் எஸ்டர்கள் சேர்க்கப்படுகின்றன. இவை புகும் நீரின் ஒரு பங்கை வேதிவினையால் பிணைத்துக்கொள்வதால் கொதிநிலை உயர்வாக நிற்கின்றது. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும்.

டாட் 5 முற்றிலும் வேறானது. இது சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டது, ஊதா நிறமுடையது, நீருடனோ மற்ற மூன்று வகைகளுடனோ கலவாது. டாட் 5.1 என்பதை டாட் 5 இன் மேம்பட்ட வடிவம் என்று எண்ணுவது பரவலாகக் காணப்படும் பிழை. ஒரே கொதிநிலை எல்லையை நிறைவு செய்வதால் எண்கள் அருகருகே அமைந்தனவே தவிர, வேதியியலில் இரண்டுக்கும் உறவில்லை. இதைவிடக் குழப்பமான பெயரீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். சிலிக்கோன் திரவம் வண்ணப்பூச்சைக் கெடுப்பதில்லை, நீரை உறிஞ்சுவதில்லை என்பதால் நெடுநாள் நிறுத்தி வைக்கப்படும் பழங்காலக் கார்களில் சிலர் விரும்பிப் பயன்படுத்துவர். ஆனால் அது காற்றைக் கரைத்துக்கொள்ளும்; சற்று அமுங்கும்; புகுந்த நீரைத் தேங்கவிடும். ஏ.பி.எஸ். பொருத்திய, நாள்தோறும் ஓடும் காருக்கு அது உகந்ததன்று.

பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயன் தன் நீர்ம-வாயுத் தொங்கமைப்புக் கார்களில் பச்சை நிறக் கனிம எண்ணெயைப் பிரேக்குக்கும் பயன்படுத்தியது. அக்கார்களின் ரப்பர்ப் பாகங்கள் அதற்கெனவே தனியாகச் செய்யப்பட்டவை. அவற்றில் டாட் திரவத்தை ஊற்றுவதும், மற்றக் கார்களில் அவ்வெண்ணெயை ஊற்றுவதும் ஒரே அளவு கேடு.

தேர்ந்தெடுத்தல்

கொள்கலத்தின் மூடியிலும் காரின் கையேட்டிலும் எந்த வகை வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதுவே முதன்மையான வழிகாட்டி. டாட் 3 குறிக்கப்பட்ட காரில் டாட் 4 ஊற்றுவது பொதுவாக ஏற்கத்தக்கது. மலைப்பாதைகளில் அடிக்கடி செல்வோருக்கு விலை வேறுபாட்டை நோக்க இது நல்ல தெரிவே. டாட் 4 குறிக்கப்பட்ட காரில் டாட் 3 ஊற்றுவது தவிர்க்கப்பட வேண்டும்.

கொதிநிலை மட்டுமே அளவுகோல் அன்று. ஏ.பி.எஸ்., நிலைத்தன்மைக் கட்டுப்பாடு ஆகிய அமைப்புகளில் மிக நுண்ணிய வால்வுகள் வினாடிக்குப் பலமுறை திறந்து மூடுகின்றன. குளிரில் தடித்துப்போகும் திரவம் அவற்றின் விரைவைக் குறைக்கும். -40 °செ வெப்பநிலையில் டாட் 4 வகைக்கு அனுமதிக்கப்படும் பாகுநிலையின் மேல் எல்லை 1800 அலகு, டாட் 5.1 வகைக்கு 900 அலகு. பன்னாட்டுத் தரம் ஐ.எசு.ஓ. 4925 இன் 6ஆம் வகுப்புக்கு 750 அலகு மட்டுமே. இங்கு அலகு என்பது வினாடிக்குச் சதுர மில்லிமீட்டர். அண்மைக் காலக் கார்கள் சிலவற்றின் கையேடு இந்த மெல்லிய டாட் 4 வகையையே கேட்கின்றது. அங்கே சாதாரண டாட் 4 ஈடாகாது. சமவெளித் தமிழகத்தில் இந்தக் குளிர் ஒருபோதும் வாராது என்பது உண்மையே. ஆயினும் வால்வுகளின் வடிவமைப்பு அத்திரவத்தைக் கருதிச் செய்யப்பட்டதாகையால் கையேட்டைப் பின்பற்றுவதே முறை.

பந்தயக் கார்களுக்கான திரவங்களின் உலர் கொதிநிலை மிக உயர்ந்தது. அவை அடிக்கடி மாற்றப்படுவதை எதிர்பார்த்துச் செய்யப்படுபவை. அலுவலகம் சென்றுவரும் காருக்கு அவற்றால் பயனில்லை.

எப்போது மாற்றுவது

பெரும்பாலான உற்பத்தியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், சிலர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றப் பரிந்துரைக்கின்றனர். குறைவாக ஓடும் கார் என்பதற்காக இதனைத் தள்ளிப்போட இயலாது. மின்சாரக் கார்களும் கலப்பினக் கார்களும் மோட்டார் வழியே வேகத்தைக் குறைப்பதால் அவற்றின் பேடுகள் நெடுநாள் உழைக்கும். ஆனால் திரவம் நீரை உறிஞ்சுவது அங்கும் நிற்பதில்லை.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது நம்பத்தக்கதன்று. கருமையான திரவம் ரப்பர்த் துகளும் அழுக்கும் சேர்ந்ததைக் காட்டும். ஆனால் தெளிந்த திரவத்தில் நீர் இல்லை என்று கொள்ள இயலாது. பேனா வடிவிலுள்ள மின் கடத்துமானிகள் பட்டறைகளில் காணப்படுகின்றன. அவற்றின் அளவீடு திரவத்தின் வகையைப் பொறுத்து மாறுவதுடன், கேலிப்பரிலுள்ள திரவத்தை விட்டுக் கொள்கலத்திலுள்ளதை மட்டுமே அளக்கின்றது. திரவத்தைச் சூடாக்கிக் கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவியே துல்லியமானது.

கொள்கலத்தின் மட்டம் வேறொரு செய்தியைச் சொல்கின்றது. பேடுகள் தேயத்தேயப் பிஸ்டன்கள் வெளியே நகர்வதால் திரவம் கேலிப்பருக்குள் இறங்கி மட்டம் மெல்லத் தாழும். இது கசிவன்று. இதனைக் கண்டு மேல்கோடுவரை நிரப்பினால், புதுப் பேடு பொருத்தும் நாளில் பிஸ்டன்களைப் பின்தள்ளும்போது திரவம் வழிந்து வண்ணப்பூச்சில் கொட்டும். மட்டம் விரைவாக இறங்கினாலோ கீழ்க்கோட்டைத் தாண்டினாலோ பேடுகளையும் கசிவையும் சோதிக்க வேண்டும். மேலிருந்து சிறிது புதுத் திரவம் ஊற்றுவது திரவத்தை மாற்றியதாகாது. கேலிப்பரில் கிடக்கும் பழைய திரவம் அங்கேயேதான் கிடக்கும்.

மாற்றும் முறை

மாற்றுவதற்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை திரவம் தேவைப்படும். முதலில் கொள்கலத்திலுள்ள பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புவர். பின்னர் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள பிளீடர் நிப்பிளில் ஒளிபுகும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள புட்டியில் அமிழ்த்துவர். ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறந்து, திரவம் வெளியேறியதும் மூடுவார். மூடிய பின்னரே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் நிப்பிளின் வழியே காற்று உள்ளே புகும். பட்டறை வழக்கில் ஏர் எடுப்பது என்று கூறப்படும் வேலையும் இதுவே. தெளிந்த புதுத் திரவம் குமிழியின்றி வரும்வரை இதனைத் தொடர்வர்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். வலப்புறம் ஓட்டும் கார்களில் அது பெரும்பாலும் பின் இடச் சக்கரம். குறுக்காகப் பிரிந்த சுற்றுகளையுடைய கார்களில் கையேடு வேறு வரிசையைக் கூறலாம். வேலையின் நடுவே கொள்கலம் வற்றிவிடக் கூடாது. வற்றினால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள் சென்றுவிடும், அது ஏ.பி.எஸ். பாகத்தை அடைந்துவிட்டால், சில கார்களில் கணினிக் கருவியின் துணையின்றி வெளியேற்ற இயலாது.

பழைய கார்களில் இன்னொரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அன்றாட ஓட்டத்தில் மிதி ஒருபோதும் தரைவரை செல்வதில்லை. எனவே மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது மிதியை முழுவதும் அழுத்தினால் பிஸ்டனின் ரப்பர் கப்புகள் அந்தச் சொரசொரப்பில் உராய்ந்து கிழியலாம். திரவம் மாற்றிய சில நாட்களில் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புதுத் திரவத்தின்மேல் பழிபோடப்படுவதன் காரணம் பல வேளைகளில் இதுவாகும். மிதியின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்தால் இது நேராது.

முடிந்தபின் எஞ்சினை இயக்கி மிதியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அது மெல்ல இறங்கினால் கசிவோ காற்றோ உள்ளது. எல்லா நிப்பிள்களையும் மீண்டும் பார்த்த பின், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். கருவிகளும் உடன் ஒருவரும் இல்லாதவர் இவ்வேலையைப் பட்டறையில் செய்விப்பதே நன்று. அப்போதும் நான்கு சக்கரங்களிலும் திரவம் எடுக்கப்படுகின்றதா என்பதை அருகிருந்து பார்க்கலாம்; கொள்கலத்தை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவதும் உண்டு. பல கார்களில் கிளட்சும் இதே திரவத்தால் இயங்குவதால் அதனையும் சேர்த்து மாற்றச் சொல்லலாம்.

கையாளுதல்

திறந்த புட்டியிலுள்ள திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே தேவைக்கேற்ற சிறிய, முத்திரை உடையாத புட்டியை வாங்குவது நல்லது. பட்டறையின் அலமாரியில் பாதி தீர்ந்து கிடக்கும் புட்டியையும், காரிலிருந்து வெளியேற்றிய திரவத்தையும் மீண்டும் ஊற்றக் கூடாது.

கிளைக்கால் திரவம் காரின் வண்ணப்பூச்சை அரிக்கும். சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். நீரில் கரையும் இயல்பு இங்கே உதவுகின்றது. இது நச்சுத்தன்மை உடையது. எனவே குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் பேரிடரை விளைவிக்கும். கழிவுத் திரவத்தை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமலும், பழைய எஞ்சின் ஆயிலுடன் கலக்காமலும் தனிக் கலத்தில் சேர்த்துக் கழிவெடுப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கலந்துவிட்டால் அந்த எஞ்சின் ஆயிலையும் மறுசுழற்சிக்குப் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.